பாறையை விடு, கயிற்றில் சாய்ந்துகொள்

தியானப் பகுதி: சங்கீதம் 56



இந்த மாதப் பாடம் பயமும் விசுவாசமும். பாடத்துக்குள் போகுமுன் ஒரு அறிக்கை செய்ய வேண்டும். உங்கள் போதகனாகிய எனக்குச் சிறு வயது முதல் உயரம் என்றால் பயம். நம் ஆலயத்துக்கு மேல்தளம் போட்ட நாளில் எல்லாரும் மேலே ஏறி ஜெபித்தீர்கள். நானோ, "சிமெண்ட் மூட்டையைப் பாத்துக்கிறேன்" என்று கீழேயே நின்றுவிட்டேன். மூட்டையைப் பார்க்க வேறு ஆள் இருந்தது.

அதைவிட வேதனையான காரியம் ஒன்று உண்டு. சகோதரி ஒருவர் (அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன்), "ஐயா, பஸ் மேம்பாலத்துல ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஜெபிங்க" என்று வந்தார்கள். ஜெபித்துவிட்டு, "விசுவாசம் கொறஞ்சாதான்மா பயம் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் தலைகுனிந்து போனார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மொட்டை மாடிக்குப் போகாத நானா அப்படிச் சொன்னேன்!

2023 மே மாதம் வாலிபர் முகாமுக்காக ஏலகிரிக்குப் போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்தார்கள். மறுநாள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கும் பயிற்சி. "பாஸ்டர், நீங்களும் வாங்க" என்றார்கள். தட்ட முடியவில்லை.

முதலில் பத்தடிப் பாறையில் பழகினோம். அடுத்தது ஏறக்குறைய அறுபது அடி. பயிற்சி கொடுத்த தம்பி இடுப்பிலும் தொடையிலும் பட்டை வார் மாட்டினார். ஒரு உலோகக் கொக்கியைக் காட்டினார். அதில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. இரண்டு டன்னுக்கு மேல் தாங்குமாம். கயிற்றின் வெளியுறை தேய்மானத்தைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத உள்நூல்தான் பெரும்பாலான பாரத்தைத் தாங்கும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் விளிம்பில் நின்றதும் வாய் உலர்ந்தது, முழங்கால் நடுங்கியது. இரண்டடி இறங்கிப் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உடனே கால் வழுக்கியது. தொங்கினேன்!

"ஐயா, பாறையைக் கட்டிப்புடிச்சா வழுக்கத்தான் செய்யும். பின்னால சாயுங்க. நாற்காலியில உக்கார்ற மாதிரி கயித்துல உக்காருங்க. அப்பதான் கால் ஊணும்" என்று தம்பி சத்தமிட்டார்.

"இயேசுவே" என்று சொல்லிச் சாய்ந்தேன். உடம்பு பாறையை விட்டு விலகியதும் பாதம் பாறையில் அழுந்தி நின்றது. ஒவ்வொரு அடியாக இறங்கினேன். பயம் நடுவழியில் ஓடிப்போகவில்லை, என்னோடுகூடவே இறங்கிற்று. ஆனாலும் நான் கீழே வந்து சேர்ந்தேன். அல்லேலூயா! அன்று கர்த்தர் கற்றுத்தந்த பாடங்களைக் கேளுங்கள்.

1. பயம் வருவது பாவமல்ல. காத் ஊரில் பெலிஸ்தர் கையில் அகப்பட்ட தாவீதின் சங்கீதம் இது. தனக்குப் பயமே இல்லை என்று அவன் பாடவில்லை. பயத்தை ஒத்துக்கொண்டு, அந்த நேரத்திலேயே தேவனைப் பற்றிக்கொள்ளுகிறான் (3-ம் வசனம்). நிற்கும்போது நம் சரீரம் லேசாக ஆடும். கண் அருகிலுள்ள பொருட்களைப் பார்த்து அதைச் சரிசெய்ய உதவும். உயரத்தில் எல்லாம் தூரமாகிவிடுவதால் அந்த உதவி குறைந்து, தடுமாற்றம் தோன்றுகிறது. இது சரீரத்தின் இயல்பு. இதற்காக ஒருவரையும் குற்றப்படுத்தாதிருங்கள்.

2. விசுவாசம் என்பது பாரத்தை வைப்பது. கயிறு தாங்கும் என்று எனக்கு மேலேயே தெரியும். தெரிந்ததனால் நான் இறங்கவில்லை, சாய்ந்தபோதுதான் இறங்கினேன். நம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது எபிரெயர் 6:19. பணம், பதவி, உறவு என்ற பாறையைக் கட்டிப்பிடித்தபடியே கர்த்தரையும் நம்புகிறேன் என்கிறோம். அதனால்தான் வழுக்குகிறோம்.

3. பாதுகாப்பு அவிசுவாசமல்ல. என்னோடு இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டியிருந்தார்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் பிசாசு. நம் ஆண்டவர் குதிக்கவில்லை (மத்தேயு 4:5-7). வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை என்பது தேவ கட்டளை (உபாகமம் 22:8). ஆகவே, ஜெபத்தோடு மாத்திரையும் சாப்பிடுகிறவரைப் பரியாசம் பண்ணாதேயுங்கள்.

4. படிப்படியாய்ப் பழகுங்கள். தாவீது முதலில் சிங்கத்தையும் கரடியையும், பிறகுதான் கோலியாத்தையும் சந்தித்தான் (1 சாமுவேல் 17:34-37). எனக்கும் முதலில் பத்தடி, பிறகு அறுபது அடி. இப்படிப்பட்ட பயத்துக்கு மருத்துவர்கள் கொடுக்கும் பயிற்சியும் இந்த விதமாகவே இருக்கிறது.

முகாம் முடிந்த வாரமே அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர்கள் கண்கலங்கி, "ஐயா, நான் இன்னும் பயந்துகிட்டேதான் பஸ் ஏறுறேன். ஆனா ஏறிடுறேன்" என்றார்கள்.

அறுபதடிப் பாறையில் நான் கற்றதை அவர்கள் தினந்தோறும் மேம்பாலத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்! அதைத்தான் நான் விசுவாசக் குறைவு என்றேன்.

தேவப்பிள்ளையே, இந்த வாரம் உன் பயம் எது என்று ஒரு தாளில் எழுது. அதை நோக்கி ஒரு சின்ன அடி எடுத்து வை. பயம் போகட்டும், பிறகு நடப்பேன் என்று காத்திராதே. உன் முழு பாரத்தையும் அவர்மேல் வைத்துச் சாய்ந்துகொள். அவர் தாங்குவார். ஆமென்.