கட்டத் துணியின் வயது என்ன?

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள வாலிநோக்கத்தில் கட்டம் போட்ட கைலி அன்றாட உடை. அவ்வூரில் ஒரு வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய கட்டத் துணி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். "இது நூறு வருடத்துத் துணி" என்கிறார் பாட்டி. இது உண்மைதானா என்று எப்படி அறிவது?

கட்டத்தின் அமைப்பை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. பழைய கட்டத்தை இன்றும் நெய்யலாம் அல்லவா? ஆகவே நூலையும் சாயத்தையும் ஆராய வேண்டும். அதற்கு முன் துணியைத் துவைத்துவிடாதீர்கள். அழுக்கோடு சான்றும் போய்விடும்.

முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நீளவாக்கில் செல்லும் நூல் பாவு. குறுக்கே செல்வது ஊடை. சாயமிட்ட நூலால் நெய்த துணி இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். கட்டத்தை அச்சிட்டிருந்தால் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். பாவிலும் ஊடையிலும் அதே மூன்று நிறங்கள் இருந்தால், துணியில் மூன்று தனி நிறங்களும் மூன்று கலப்பு நிறங்களும், ஆக 6 நிறங்கள் தோன்றும். ஸ்காட்லாந்தின் 'டார்ட்டன்' கம்பளித் துணிக்கும் இதே கணக்குத்தான். நான்கு நிறங்களானால் எத்தனை? நீங்களே கணக்கிடுங்கள்.

அடுத்தது எரி சோதனை. ஆசிரியர் முன்னிலையில், துணியிலிருந்து தானே பிரிந்த ஓர் இழையை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை வரும். மென்மையான சாம்பல் மிஞ்சும். கம்பளியும் பட்டும் மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். பாலியெஸ்டரோ உருகிக் கெட்டியான மணியாகும். பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே இழை பாலியெஸ்டர்தான் என்று உறுதியானால் அது 1941-க்கு முந்தியதல்ல. ஆனால் ஓரம் தைத்த நூலை எடுக்காதீர்கள். அது பிற்காலத்தில் தைத்ததாக இருக்கலாம்.

சாயத்தை ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க முடியும். 1856-இல் பெர்கின் முதல் அனிலின் சாயத்தை உண்டாக்கினார். அத்தகைய சாயம் துணியில் இருந்தால் அது 1856-க்குப் பிற்பட்டது. இல்லாவிட்டால் அதற்கு முற்பட்டது என்று சொல்லலாமா? கூடாது! அவுரி நீலத்தையும் சாயவேரின் சிவப்பையும் கொண்டு இன்றும் நெய்யலாம்.

ஸ்காட்லாந்தில் கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தில் ஒரு டார்ட்டன் துண்டு கிடைத்தது. முதலில் அதன் சாயங்களை ஆராய்ந்தார்கள். செயற்கைச் சாயம் இல்லை. அதோடு நிறுத்தாமல் கார்பன்-14 சோதனையும் செய்தார்கள். அத்துணி 1500-க்கும் 1655-க்கும் இடைப்பட்டது என்ற முடிவு 2023-இல் வெளியாயிற்று. குறிப்பிட்ட ஓர் ஆண்டை அல்ல, ஓர் எல்லையையே சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கார்பன்-14-இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். நூறு ஆண்டுகளில் அது 1.2 சதவீதமே குறையும். ஆகையால் பாட்டியின் துணிக்கு இச்சோதனை அவ்வளவாக உதவாது. அத்துணி யாருடையது, எப்போது வந்தது என்று பாட்டி சொல்வதைத் தேதியிட்டு எழுதி, துணியோடு வையுங்கள். உங்கள் சோதனை முடிவுகளையும் அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா?