சபாவுக்குச் செயலாளராகிவிட்ட ஓர் இளம் பாடகிக்கு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் ஊர் சபாவுக்கு உன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னபோது மனசு நிறைந்துபோனது. காவிரிக் கரைச் சிற்றூர்களில் சபாச் செயலாளர் என்றால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருந்துக்கடை முதலாளி, வங்கியில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் என்றுதான் வழிவழியாக இருந்திருக்கிறது. அந்த வரிசையில் இன்னும் மேடைக்கே புதிதான ஒரு பெண் வந்திருக்கிறாள். சம்பளம் இல்லாத வேலை. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல வேலைகளில் இது ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பீரோச் சாவியை வாங்கிக்கொள். அதற்குள் மினிட்ஸ் புத்தகமும் பழைய கச்சேரி நோட்டீஸ்களும் ரசீதுப் புத்தகங்களும் இருக்கும். மற்றதை அப்புறம் பார்க்கலாம். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்து வைத்து நிதானமாகப் படி. ஐயாயிரம் எழுதியவர்களின் பெயர் ஊருக்கே தெரியும், நோட்டீஸிலும் இருக்கும். நீ பார்க்க வேண்டியது ஐம்பதும் நூறும் எழுதியவர்களை. ஒரு தையல்காரர் வருஷம் தவறாமல் நூறு ரூபாய் கொடுத்திருப்பார், திடீரென்று ஒரு வருஷத்தோடு அவர் பெயர் நின்றிருக்கும். ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீ போய்க் கேள். உடம்புக்கு முடியவில்லை என்பார். இல்லையென்றால் ஒரு கச்சேரியில் தம்மை எழுப்பிவிட்டு முன்வரிசை நாற்காலியை வேறு யாருக்கோ கொடுத்தார்கள் என்பார். சபாவின் உண்மையான சரித்திரம் அந்த அடிக்கட்டைகளில்தான் இருக்கிறது. மினிட்ஸ் புத்தகத்தில் அதெல்லாம் ஏறாது.

சிற்றூர் சபாக்கள் ஏன் மூடிக்கொள்கின்றன என்று கேட்டால் டிவி, செல்போன், பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் நான் கிட்ட இருந்து பார்த்த சபாக்களில் நோய் வேறாக இருந்தது. எல்லா வேலையும் ஒரே மனிதர் தலையில் இருந்தது. வித்வானுக்குப் போன் போடுவது அவர், நன்கொடைக்கு அலைவது அவர், மண்டபத்துக்குச் சொல்வது அவர், மைக் செட்காரரோடு மல்லுக்கு நிற்பது அவர், மேடையேறி அறிமுகம் செய்வதும் அவரே. நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள். அவர்கள் படுத்துக்கொண்டால் சபாவும் சேர்ந்து படுத்துக்கொண்டது. மற்ற உறுப்பினர்களிடம் அதுவரை யாரும் பணத்தைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பணம் மட்டும் கொடுத்துப் பழகியவனுக்குச் சபா இன்னொருவர் வீட்டு விசேஷம். மொய் எழுதிவிட்டுப் போய்விடுவான்.

ஆகவே நான் உனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: வேலையைப் பிறருக்குக் கொடு. உன்னால் செய்ய முடியாததையும் கொடு, நீயே பிரமாதமாகச் செய்யக்கூடியதையும் கொடு. இரண்டாவதுதான் கடினம்.

திருவையாறு உனக்குப் பக்கம். நீ ஆராதனையில் பஞ்சரத்னக் கோஷ்டியில் உட்கார்ந்து பாடியவள். அந்தக் கோஷ்டி எப்படி வந்தது என்பதைச் செயலாளராக ஒருமுறை யோசித்துப் பார். தியாகராஜர் சமாதியானது 1847 ஜனவரி 6 அன்று. அரை நூற்றாண்டு கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் போய்ப் பார்த்தபோது சமாதி சிதைந்து கிடந்தது. அதன்பின் சிஷ்ய பரம்பரையினர் ஆராதனையை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கினார்கள். சில வருஷத்துக்குள்ளேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாயிற்று. ஒரே ஊரில், ஒரே மகானுக்கு, இரண்டு தனித்தனி ஆராதனைகள். இரு தரப்பிலும் பெரிய வித்வான்கள் இருந்தார்கள், பக்தியில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. யார் நடத்துவது என்பதுதான் தகராறு. பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். தேவதாசி குலத்தில் பிறந்தவர், பெரும் புகழும் செல்வமும் சேர்த்த பாடகி. சமாதி இருக்கும் கோலத்தைக் கேள்விப்பட்டு அந்த இடத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கினார், கோயில் எழுப்பினார், 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் செய்தார். தாம் கட்டிய கோயிலில் தாமே பாட அவருக்கு அனுமதி இல்லை. அவர் சண்டையோடு நிற்கவில்லை. சமாதிக்குப் பின்புறம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக இசை நடத்தினார். மூன்றாவதாகப் பெண்கள் கட்சி உண்டாயிற்று. 1940 வாக்கில் முசிறி சுப்பிரமணிய ஐயர், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசுவாமி போன்றவர்கள் முனைந்து பேசியதில் மூன்று தரப்பும் ஒரே சபாவாயின. 1941 ஆராதனை ஒன்றாக நடந்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து கிருதிகளையும் எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அந்த ஒற்றுமையின் காலத்தில்தான் நிலைபெற்றது.

அந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனத்தைப் பார். யார் முதலில் பாடுவது, யாருக்கு எத்தனை நிமிஷம் என்ற சண்டைக்கே அதில் இடமில்லை. மகாவித்வான் பக்கத்தில் போன வருஷம் வர்ணம் கற்றுக்கொண்ட பிள்ளை உட்காரலாம். பாடம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஆராதனை எல்லோருடையதும் ஆயிற்று. உன் ஊர் சபாவுக்கு இப்படி ஒரு நிகழ்ச்சியை வருஷத்தில் ஒன்றாவது கண்டுபிடி. நவராத்திரியில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துத் தேவாரம் பாட வைக்கலாம், மார்கழியில் வீதி பஜனை நடத்தலாம். எதுவானாலும் வந்தவர்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போகக் கூடாது.

இனி அன்றாட வேலைகள். உங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இருக்கிறார் என்றாயே, ஒவ்வொரு கச்சேரிக்கும் வாசலில் நின்று கேட்கிறவர். ரயிலடியிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை அழைத்து வரும் பொறுப்பை அவரிடம் கொடு. சவாரியாக இல்லை, சபாவின் பொறுப்பாக. பெட்ரோலுக்கும் அவர் நேரத்துக்கும் உரிய பணத்தைக் கேட்காமலே கொடுத்துவிடு. நோட்டீஸில் வரவேற்புக் குழு என்ற இடத்தில் அவர் பெயரைப் போடு. பாலிடெக்னிக் படிக்கும் பையன்களில் ஒருவனை மிக்ஸர் அருகே மைக் செட்காரரோடு உட்கார வை. வயலின் ஏன் கீச்சென்று ஒலிக்கிறது, கடத்துக்கு மைக்கை எங்கே வைப்பது, பாடகிக்கு மானிட்டரில் சுருதி எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் ஒரு சீசனில் அவனுக்குப் பிடிபட்டுவிடும். அதற்கு முன் இரண்டு கச்சேரியாவது சொதப்பும். சொதப்பட்டும். நீ ஓடிப்போய் அவன் கையைத் தள்ளிவிட்டு நீயே குமிழைத் திருகினாயானால், அடுத்த கச்சேரிக்கு அவன் வர மாட்டான். ஒருவரிடம் கொடுத்த வேலையில் கை வைப்பதைப் போல மனிதர்களை விரட்டுவது வேறு எதுவுமில்லை.

கச்சேரி முடிந்து ஜமக்காளம் மடிக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டும். வக்கீல் ஒரு மூலை, வேர்க்கடலை விற்கிறவர் ஒரு மூலை. தோடியில் அந்த நிரவல் எப்படி இருந்தது என்று அப்போது பேசிக்கொள்வார்கள் பார், அதுதான் ஊரின் விமர்சனம். அந்த வேலைக்குக் கூலிக்கு ஆள் வைத்துவிடாதே.

கலைஞர்களை நடத்தும் விதம் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயே ஒரு கலைஞர். இருந்தாலும் நாற்காலி மாறினால் பார்வை மாறிவிடும் என்பதால் சொல்கிறேன். பக்கவாத்தியம், உபபக்கவாத்தியம் எல்லோருக்கும் சன்மானக் கவரைத் தனித்தனியாக, அவரவர் கையில், சாப்பாட்டுக்கு முன் கொடு. பிரதான வித்வானிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வது சௌகரியம், மரியாதை ஆகாது. எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடு. ஃபிளாஸ்கில் வெந்நீர், பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை, சுத்தமான கழிப்பறை இந்த மூன்றும் தயாரான பிறகுதான் மாலையும் சால்வையும். கச்சேரி நடுவில் பாராட்டுரை வைக்காதே. தலைமை விருந்தினர் தாமதமானால் அவர் வரும்போது வரட்டும், அறிவித்த மணிக்குச் சுருதி சேர்ந்துவிட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை உண்டு. விருந்தினர் தின்ற நேரம் கடைசியில் மங்களத்துக்கு முன் பாட இருந்த துக்கடாக்களைத்தான் பறிக்கும்.

நாகஸ்வரக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல சபாக்களில் அவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். மங்கள இசை என்று அரைமணி வாசிக்கச் சொல்லி, ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போக, முடிந்ததும் சின்னக் கவர் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தஞ்சாவூர்ச் சீமையில், ராகம் வாசிப்பதில் உலகுக்கே வழிகாட்டிய அந்த வாத்தியத்துக்கு இந்த நிலை என்பதை என்னால் தாங்க முடிவதில்லை. வருஷத்தில் ஒரு நாளாவது முழுக் கச்சேரி, மேடை நடுவில், இரண்டு தவிலோடு, இரண்டரை மணி நேரம் வை. பந்தியிலும் முதல் இலை அவர்களுக்கு.

மண்டபத்தில் யார் இல்லை என்று ஒவ்வொரு கச்சேரியிலும் எண்ணிப் பார். அக்ரகாரத்தில் பிறந்த சபாக்களுக்கு அடுத்த தெருவே தூரமாக இருக்கும். அழைத்தோம், வரவில்லை என்று கமிட்டியில் சொல்வார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டியதை அழைப்பு என்று சொல்ல மாட்டேன். நம் மாநிலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 இருக்கின்றன. குரலிசை, தேவாரம், நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை அங்கே மூன்று ஆண்டுப் படிப்பு. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், கோயில் வாசிப்பை நம்பியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். படித்து முடித்தபின் மேடைக்கு எங்கே போவார்கள்? மாதம் ஒரு மாலை அவர்களுக்கு ஒதுக்கு. அந்தப் பிள்ளையோடு அப்பா, அம்மா, அத்தை, பக்கத்து வீடு என்று ஒரு கூட்டமே வரும், சபாவின் படியை முதல்முதலாக மிதிக்கும். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்துக்கும் எழுதிப் பார், கிராமியக் கலைஞர்களை வரவழைக்க வழி சொல்வார்கள். பறையும் கரகமும் உங்கள் மேடையில் ஏறுவதை யாராவது எதிர்த்தால், விட்டுக்கொடுக்காதே. நாகரத்தினம்மாளைத் தடுத்தவர்களும் சம்பிரதாயம் என்றுதான் சொன்னார்கள். இன்று அவர் சிலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் பலர் பாடப் போகிறார்கள்.

பரிவர்த்தனைக் கச்சேரி என்று ஒன்று உன்னைத் தேடி வரும். வெளியூர்ச் செயலாளர் ஒருவர், அவரும் பாடுகிறவராக இருப்பார், "உங்க சபாவுல எனக்கு ஒரு தேதி கொடுங்க, இங்கே உங்களுக்கு நான் கொடுக்கிறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. பொறுப்பில் இருக்கும்வரை உன் சபா மேடையில் நீ பாடவும் வேண்டாம். கடுமையாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை பாடிவிட்டால், நன்கொடையாளர் தம் மகளுக்கு முன்னிரவுக் கச்சேரி கேட்கும்போது மறுக்க உனக்கு வாய் இருக்காது. அந்த மகளுக்கு இளையோர் வரிசையில் இடம் உண்டு, மற்றப் பிள்ளைகளைப் போல நடுவர் முன் பாடிக் காட்டிவிட்டு வரட்டும்.

கணக்கு விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவான சபா என்றால் ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் மாற்றம் எல்லாம் உரிய காலத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பல சபாக்களில் இது வருஷக்கணக்காக நின்றுபோய், பிறகு ஒரு வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றக்கூட முடியாமல் தவிக்கிறார்கள். முதல் மாதத்திலேயே விசாரித்துச் சரி செய். ஒவ்வொரு கச்சேரி முடிந்த வாரமும் வரவு செலவை ஒரே தாளில் எழுதி மண்டப வாசலில் ஒட்டு. பூமாலைக்கு எவ்வளவு, வித்வானுக்கு எவ்வளவு என்று ஊர் படிக்கட்டும். வித்வானுக்குக் கொடுத்தது குறைவு என்று ஜனங்களே சொல்லத் தொடங்குவார்கள், நன்கொடையும் கூடும்.

காலைச் சாதகத்தை மட்டும் சபாவுக்குத் தின்னக் கொடுத்துவிடாதே. விடியற்காலையில் போனை அணைத்து வை. மைக் செட்காரர் எட்டு மணிக்குக் கூப்பிட்டுக்கொள்வார். உன்னை அவர்கள் தேர்ந்தெடுத்தது நீ பாடுகிறவள் என்பதற்காக. பாட்டு நின்றுபோனால் வித்வான்களிடம் பேசும் பாஷையே உனக்கு மறந்துவிடும்.

இன்னொன்று. வரும் பொதுக்குழுவிலேயே இணைச்செயலாளர் என்று ஒரு பொறுப்பை உருவாக்கி, உன்னைவிட இளைய ஒருவரை அதில் வைக்கச் சொல். வித்வான்களின் தொலைபேசி எண்கள், சமையல்காரர், தம்புரா பழுது பார்ப்பவர், மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். மூன்று வருஷத்தில் இறங்கிவிடுவேன் என்று அன்றைக்கே மினிட்ஸில் எழுதச் சொல். பழைய செயலாளரையும் போய்ப் பார்த்துவிடு. மனசில் கொஞ்சம் வருத்தம் இருக்கும் அவருக்கு. அறிமுக உரையை அவரே தொடர்ந்து செய்யட்டும் என்று நீயாகக் கேள்.

அன்புடன்,
பெரியப்பா