லாரிக்கு லோன் போடறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

வட்டி எத்தனை, டியூ எவ்வளவு, எத்தனை மாசம். சங்ககிரியிலயும் நாமக்கல்லயும் லாரிக்குக் கடன் பேசறவங்க இந்த மூணையும் கரைச்சுக் குடிச்சிருப்பாங்க. கால் பர்சன்ட் வட்டி குறையுதுன்னா நாலு பைனான்ஸ் ஏறி இறங்குவாங்க. அந்த வட்டியை வருமான வரியில கழிச்சுக்க முடியுமான்னு கேட்டா மட்டும், "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க"ன்னு முடிச்சிடுவாங்க. ரிட்டர்ன் போடற நேரத்துல ஆடிட்டர் என்ன பண்ணுவாரு கண்ணு? வண்டி எடுத்த தேதியையும், பணமாக் குடுத்த அட்வான்ஸையும் அவரால மாத்த முடியாது.

வீட்டுக்காரர் லைனுக்குப் போயிட்டா டீசல் பில்லு, டோல் கணக்கு, டியூ தேதி எல்லாம் உன் கையிலதான். அதனால உனக்குத்தான் சொல்றேன்.

முதல்ல நீ எந்த வழியில வரி கட்டப் போறேன்னு முடிவு பண்ணு. லாரிக்காரங்களுக்குன்னே சட்டத்துல ஒரு சுலப வழி இருக்கு, 44ஏஇ. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்ணெல்லாம் மாறிடுச்சு. ஆனா ஆடிட்டர் ஆபீஸ்ல இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்றாங்க, நானும் அதையே சொல்றேன். வருஷத்துல எந்த நாள்லயும் 10 சரக்கு வண்டிக்கு மேல இல்லாதவங்களுக்கு இது. மொத்த எடை 12 டன்னுக்கு மேல இருந்தா டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய், அதுக்குக் கீழ உள்ள வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் லாபம்னு எடுத்துக்குவாங்க. 35 டன் 12 வீல் வண்டின்னா மாசம் 35,000, வருஷம் 4,20,000. நிஜமா எவ்வளவு சம்பாதிச்சே, எவ்வளவு செலவழிச்சேன்னு நோட்டு காட்ட வேண்டியதில்ல.

இதுல ஒரு விஷயத்தை நல்லா மனசுல வாங்கிக்க. அந்த 4,20,000-ல இருந்து வட்டியைத் தனியா கழிக்க முடியாது, தேய்மானமும் கிடையாது, எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். முழுக் காசு குடுத்து வண்டி எடுத்தவனுக்கும், 36 லட்சம் கடன் வாங்கினவனுக்கும் ஒரே கணக்குதான். கூட்டு பார்ட்னர்ஷிப்பா இருந்தா பார்ட்னர் சம்பளமும், அவங்க போட்ட முதலுக்கு வட்டியும் மட்டும் வரம்புக்குள்ள கழிக்கலாம். "டியூ முடியலையே, வண்டி இன்னும் பைனான்ஸ்காரரோடதுதானே"ன்னு 10 வண்டிக் கணக்குல இருந்து ஒண்ணை விட்டுடவும் முடியாது. தவணையில எடுத்த வண்டிக்கும் நீதான் ஓனர்னு அந்தப் பிரிவுலயே எழுதியிருக்கு. லோடு இல்லாம ஷெட்டுல நிக்கிற மாசத்துக்கும் கணக்கு உண்டு.

அப்போ இது நஷ்டமா? எல்லாருக்கும் இல்ல. 2025-26 வருஷத்துல இருந்து புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வருமானத்துக்கு வரி வராது. ரெண்டு 12 வீல் வண்டின்னா 8,40,000, வேற பெரிய வருமானம் இல்லேன்னா வரி பூஜ்யம். பூஜ்யத்தை வட்டியைக் காட்டி இன்னும் குறைக்க முடியாதில்ல, பேசாம 44ஏஇ-லயே இரு. நாலு வண்டின்னா 16,80,000. வரி 1,36,000, அதுக்கு மேல செஸ். அந்த வருஷம்தான் புது வண்டியும் எடுத்திருக்கேன்னா, கணக்கு எழுதற வழியையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடணும்.

கணக்கு எழுதினா என்ன கிடைக்கும்? வாடகைக்கு ஓடற லாரிக்குத் தேய்மானம் 30 சதவீதம். சொந்தச் சரக்கை மட்டும் ஏத்தற வண்டிக்கு 15. பாடியோட சேர்த்து 45 லட்சம்னு வச்சுக்க, முதல் வருஷமே 13,50,000 கழியும். கைக்காசு 9 லட்சம்தான் போட்டே, மீதி கடன்னாலும் தேய்மானம் முழு 45 லட்சத்துக்கும் உண்டு. ஆர்.சி.-ல பைனான்ஸ் பேர் ஏறியிருக்கிறது இதுக்குத் தடையில்ல. டியூவுல வட்டிப் பங்கை மட்டும் செலவா எழுதலாம், அசலை எழுதக் கூடாது. அதனால பைனான்ஸ்ல பிரிச்சுப் போட்ட அட்டவணையை முதல் நாளே கேட்டு வாங்கிடு, அப்புறம் கேட்டா அலைய விடுவாங்க. 44ஏஇ லாபத்தைவிடக் குறைச்சுக் காட்டினா ஆடிட் கட்டாயம், அந்த பீஸையும் கணக்குல சேத்துக்க. மத்த சின்னத் தொழில்களுக்கான 44ஏடி-ல இருக்கிற அஞ்சு வருஷக் கட்டு இதுல கிடையாது, ஒரு வருஷம் அப்படி, ஒரு வருஷம் இப்படின்னு மாறிக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நஷ்டம் காட்டின ரிட்டர்னை அடுத்த லோனுக்கு பேங்க்ல நீட்டும்போது மேனேஜர் முகம் எப்படிப் போகும்னும் யோசிச்சுக்க. ரெண்டு வருஷத்துல இன்னொரு வண்டி எடுக்கிற எண்ணம் இருந்தா, வரியை மிச்சம் பண்றதுக்காக வருமானத்தை ரொம்ப ஒடுக்காதே.

இப்போ தேதி விஷயம். நம்ம ஊர்லதான் சேஸ் தனியா எடுத்து நாமக்கல் பட்டறையில பாடி கட்டுறோம். தேய்மானம் முழுசா வேணும்னா வண்டி அந்த நிதியாண்டுல 180 நாளாவது தொழில்ல இருக்கணும், இல்லேன்னா பாதிதான். அதாவது அக்டோபர் 3-க்குள்ள ரோட்டுல இறங்கணும். ஆகஸ்ட்ல சேஸ் எடுத்து, பட்டறையில நாள் இழுத்து, பெயிண்ட் காய்ஞ்சு, ஆர்.சி. ஆகி அக்டோபர் பத்துக்கு முதல் லோடு ஏத்தினா, 13,50,000 இருந்த இடத்துல 6,75,000. மீதி அடுத்தடுத்த வருஷங்கள்ல மெதுவா வரும், ஆனா இந்த வருஷ வரி இந்த வருஷமே கட்டணும். வண்டி பட்டறையில நிக்கிற காலத்து வட்டியையும் செலவா எழுத முடியாது, அது வண்டி விலையோட சேரும். பட்டறைக்காரர்கிட்ட அட்வான்ஸ் குடுக்கும்போதே செப்டம்பர் கடைசின்னு கறாரா பேசிடு.

44ஏஇ-ல இருக்கிறவங்களுக்கு தேதிக் கணக்கு தலைகீழ். அங்க மாசத்துல ஒரு நாள் வச்சிருந்தாலும் முழு மாசம். மார்ச் 30-ல டெலிவரி எடுத்தா அந்த ரெண்டு நாளுக்கு 35,000 லாபம்னு எழுதணும், ஏப்ரல் 1-ல எடுத்தா அது இல்ல. கணக்கு எழுதறவருக்கோ மார்ச் 30-ல ஒரு லோடு ஓட்டிட்டாலே அரைத் தேய்மானம் கைக்கு வந்துடும். பக்கத்து வீட்டுக்காரங்க எப்போ எடுத்தாங்கன்னு பாத்து நீயும் எடுக்காதே.

பணமாக் குடுக்கிற பழக்கத்தை விடு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது "பாதி பேங்க்ல, பாதி கையில"ன்னு பேசறது நம்ம பக்கம் சகஜம். ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000-க்கு மேல பணமாக் குடுத்தா அந்தத் தொகை வண்டி விலையிலயே சேராது, தேய்மானமும் போச்சு. பாடி கட்டுற கூலிக்கும் இதே கதி. கடனையே 20,000-ஓ அதுக்கு மேலயோ பணமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கு, திருப்பிக் கட்டுறதுக்கும் அப்படியே. டைரியில எழுதிக் குடுக்கிற சின்ன பைனான்ஸ்ல வாங்கறவங்க இதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் உக்காந்து யோசிங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் மாட்டற இடம். பேங்குக்குக் கட்டுற வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டாம். தனியார் பைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டுற வட்டிக்கு, வருஷத்துக்கு 10,000 தாண்டினா, 10 சதவீதம் பிடிச்சுக் கட்டணும். தனி ஆள்னா முந்தின வருஷ வரவு 1 கோடி தாண்டியிருந்தா மட்டும். மூணு நாலு பெரிய வண்டி ஓடினா வாடகை வரவு அந்த அளவைத் தாண்டறது ஆச்சரியமில்ல. பார்ட்னர்ஷிப்னா அந்த வரம்பும் கிடையாது. பிடிக்காம விட்டா, கணக்கு எழுதறவங்களுக்கு வட்டியில 30 சதவீதத்தை செலவா ஏத்துக்க மாட்டாங்க. டியூவை ஈசிஎஸ்-ல முழுசா இழுத்துக்கறாங்க, எங்க பிடிக்கிறதுன்னு கேப்பே. அந்தக் கம்பெனி தன் வருமானத்துல இதைக் காட்டி வரி கட்டிட்டதா சி.ஏ. சான்று, படிவம் 26ஏ, வாங்கிக் குடுத்தா தப்பிச்சுக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கு இது பழகின விஷயம்தான், கேட்டா குடுப்பாங்க.

உனக்கு வர வேண்டியதையும் விட்டுடாதே. 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் வாங்குவாரு. 40 லட்சத்துக்கு 40,000. அது வண்டி விலையில்ல, உன் பான் கணக்குல நிக்கிற முன்கூட்டிய வரி. 26ஏஎஸ்-ல பாத்து ரிட்டர்ன்ல எடுத்தா கழியும், இல்லேன்னா ரீபண்டா வரும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல வாடகைக்கு டிடிஎஸ் பிடிச்சா, 10 வண்டிக்குள்ளதான் இருக்குன்னு பான் நம்பரோட எழுதிக் குடு, பிடிக்க மாட்டாங்க.

வண்டியை உன் பேர்ல எடுக்கலாம்னு வீட்டுல சொல்லுவாங்க. முன்பணம் வீட்டுக்காரர் சும்மா குடுத்ததுன்னா அந்தப் பங்குக்கான வருமானம் அவர் கணக்குலதான் சேரும். உன் அம்மா வீட்டு நகையை வச்சு முன்பணம் போட்டு, லோனும் உன் பேர்ல வாங்கி, வாடகை வந்து விழற உன் அக்கவுண்ட்ல இருந்தே டியூ போனா அது உன் வருமானம்தான். நகைக் கடன் ரசீதைப் பத்திரமா வை.

ஜிஎஸ்டி பத்தி சுருக்கமா. 2025 செப்டம்பர் 22-ல இருந்து லாரிக்கு 28 போய் 18 ஆச்சு. டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு வாடகைக்கு விடற லாரி ஓனருக்கு அந்த வரவுக்கு ஜிஎஸ்டி இல்ல, அதனால வாங்கும்போது கட்டினதும் திரும்பாது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் முட்டை வண்டி எடுத்தாலும் அப்படித்தான், முட்டைக்கு வரி இல்லையே. ஆத்தூர் சேகோ ஆலைக்காரர் லாரி எடுத்தா முழு வரியையும் முதல் மாசமே இன்புட்டா எடுக்கலாம், கடன் அடைய அஞ்சு வருஷம் ஆனாலும் சரி. ஆனா இன்புட் எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானமும் கேக்கக் கூடாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க 44ஏஇ பக்கமே வர வேண்டாம், அது சரக்கு ஏத்தற வண்டி இல்ல.

கடைசியா, பழைய வண்டியை விக்கிற நேரம். 44ஏஇ-ல இருந்த வருஷத்துக்கெல்லாம் தேய்மானம் குடுத்ததாவே சட்டம் எடுத்துக்கும். 45 லட்சம் வண்டி அஞ்சு வருஷத்துல ஏட்டுல 7,56,000 ஆயிடும். இருந்த ஒரே லாரியை 16 லட்சத்துக்கு வித்தா மிச்சம் 8,44,000 லாபம்னு, வருஷ 4,20,000-ஓட சேர்ந்து, 12 லட்சத்தைத் தாண்டிடும். கிட்டத்தட்ட 64,000 வரி, செஸ் தனி. அதே நிதியாண்டுல அடுத்த லாரியை வாங்கிட்டா அந்த லாபம் புது வண்டி விலைக்குள்ள அடங்கிடும். அதனால பழசை மார்ச்சுல வித்தேன்னா, ஏப்ரல் 1 வரைக்கும் காத்திருக்காம புதுசை மார்ச் 31-க்குள்ள எடுத்துடு. ஒரு மாச 35,000 கணக்குல கூடினாலும் பரவாயில்ல.