லேப்டாப் திடீரென்று பிட்லாக்கர் சாவி கேட்டால்

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய லேப்டாப், இன்று காலையில் நீலத் திரையோடு நின்றுகொண்டு 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. மேலே ‘பிட்லாக்கர் ரிகவரி’ என்று இருக்கிறது. பார்த்ததும் வைரஸ் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது, உங்கள் ஃபைல்களும் உள்ளே அப்படியேதான் இருக்கும். அவற்றை உண்மையில் அழிப்பது அடுத்த அரைமணி நேரத்தில் பதறிப்போய்ச் செய்கிற காரியங்கள்தான். எனவே ‘ரீசெட்’ பக்கம் போகாதீர்கள். பயாஸுக்குள் நுழைந்து டிபிஎம்மை ‘கிளியர்’ செய்யாதீர்கள். சர்வீஸ் கடையில் “ஃபார்மட் பண்ணிடலாமா சார்?” என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள்.

பிட்லாக்கர் என்பது கணினியின் வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. டிபிஎம் என்பது அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியத்தைக் காக்கிற பாதுகாப்பு அமைப்பு. பயாஸ், செக்யூர் பூட், விண்டோஸைத் தொடங்கும் நிரல் எல்லாம் பழையபடி இருந்தால்தான் அது ரகசியத்தை வெளியே விடும். பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ அதற்குச் சந்தேகம் வந்துவிடும். சில சமயம் மைக்ரோசாஃப்ட் அனுப்பும் அப்டேட்டே காரணமாகிவிடும். 2024 ஜூலையில் வந்த பாதுகாப்பு அப்டேட்டால் பல கணினிகள் இப்படி நின்றன. ஆகஸ்டில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

“நான் பிட்லாக்கர் போடவே இல்லையே” என்பீர்கள். தகுதியுள்ள லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை செட்டப் செய்யும்போதே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடும், ஹோம் பதிப்பிலும்கூட. இதைப் பயனருக்கு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் திரையை ஃபோனில் தெளிவாகப் படம் எடுங்கள். அதில் ‘ரிகவரி கீ ஐடி’ என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி இருக்கும். பிறகு பென் டிரைவ், மெமரி கார்டு, டாக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸில் நீங்களே எதையாவது மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். சிலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் சாவியைத் தேட வேண்டும். அநேகமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். திரையிலேயே கொடுத்திருக்கும் முகவரியை ஃபோனில் திறந்து உள்ளே போங்கள். அங்கே பல சாவிகள் இருந்தால் லேப்டாப்பின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். படத்தில் உள்ள ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது.

நம்மூரில் சிக்கல் வருவது எந்தக் கணக்கு என்பதில்தான். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரரே புதிதாக ஒரு மெயில் ஐடி தொடங்கி செட் செய்து கொடுத்திருப்பார். அல்லது மகனோ அக்காவோ தங்கள் கணக்கைப் போட்டிருப்பார்கள். பழைய லேப்டாப் என்றால் முன்பு வைத்திருந்தவரின் கணக்காக இருக்கலாம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அலுவலக, கல்லூரிக் கணக்கை இணைத்திருந்தால் அங்குள்ள ஐடி பிரிவிடம் சாவி இருக்கக்கூடும். பிரிண்ட் எடுத்த தாளையும் பழைய பென் டிரைவ்களையும் விட்டுவிடாதீர்கள். ‘சாவி எடுத்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் ஆட்களை மட்டும் நம்பாதீர்கள். தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டாலேயே உருவாக்கித் தர முடியாது.

சாவி கிடைத்ததும் ஆறு ஆறு இலக்கமாக, எட்டுத் தொகுதிகளாகப் பொறுமையாக அடியுங்கள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். 123453 வகுபடும், இரண்டு இலக்கம் இடம் மாறி 123543 ஆகிவிட்டால் வகுபடாது. அதனால் எங்கே தவறு என்று கணினியே காட்டிக்கொடுத்துவிடும். எண் விசைகள் மக்கர் செய்தால் எஃப்1 முதல் எஃப்9 வரை அந்தந்த எண்ணுக்கும், எஃப்10 பூஜ்யத்துக்கும் பயன்படும்.

உள்ளே நுழைந்ததும் முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அதன்பிறகும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போது சாவி கேட்டால், ப்ரோ பதிப்பில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் பிட்லாக்கர் பாதுகாப்பை ‘சஸ்பெண்ட்’ செய்து மீண்டும் ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். இப்போதுள்ள நிலையை டிபிஎம் புதிதாக ஏற்றுக்கொள்ளும். ஹோம் பதிப்பில் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ பகுதியில் அதை அணைத்து, முழுவதும் முடிந்த பிறகு மறுபடி போட வேண்டும். நேரம் பிடிக்கும், சார்ஜர் இணைந்திருக்கட்டும். இனி பயாஸ் அப்டேட்டுக்கு முன்பு சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கு தேடியும் சாவி இல்லையென்றால், அந்த வட்டில் உள்ளவை திரும்ப வராது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு லேப்டாப்பைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதற்கு முன் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், மெயிலில் அனுப்பிய இணைப்புகள் என்று வெளியே தங்கியவற்றைத் தேடிப் பாருங்கள்.

இந்தத் திரை இன்னும் வராதவர்கள் இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.