மலிவு விலை கேம்பேட் தேறுமா? பத்து நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், பிள்ளைகள் அடுத்ததாகக் கேட்கும் பொருள் பெரும்பாலும் கேம்பேட்தான். கடைக்குப் போனால் நானூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. நாலாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நம்மில் பலர் நானூறு ரூபாய்ப் பெட்டியைத்தான் கையில் எடுப்போம். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

என் அக்கா மகனுக்காக 450 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கேம்பேட் வாங்கினேன். இரண்டாம் நாளே அவன், "மாமா, நான் எதையுமே தொடலை. கார் தானா இடது பக்கம் ஒதுங்குது" என்றான். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம். ஒழுங்கா ஓட்டப் பழகு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் மறுபடியும் மறுபடியும் சொல்லவே, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை அழைத்தேன். விண்டோஸில் கோளாறு என்று சொல்லி, அதைப் புதிதாகப் பதிந்து கொடுத்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் கார் இடது பக்கமே போனது. கேம்பேடை விடச் செலவு அதிகமாகிவிட்ட பிறகுதான், விண்டோஸிலேயே இருக்கும் ஒரு சிறிய சோதனை விண்டோவைத் திறந்து பார்த்தேன். கோணல் பையனிடம் இல்லை, விண்டோஸிலும் இல்லை. கேம்பேடின் இடது ஸ்டிக்கில்தான் இருந்தது. கடையில் மாற்றித் தரும் ஏழு நாள் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

அந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் கேம்பேட் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். பட்டன்களுக்கு அடியில் மெல்லிய ரப்பர் தகடு இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் மின்சாரம் கடத்தும் கறுப்பு நிறக் கார்பன் பொட்டுகள் உண்டு. பட்டனை அழுத்தினால், அந்தப் பொட்டு சர்க்யூட் போர்டைத் தொட்டு இணைப்பை ஏற்படுத்தும். டிவி ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான்.

கட்டை விரலால் நகர்த்தும் அனலாக் ஸ்டிக் வேறு வகை. அதன் அடியில் இரண்டு சிறிய பொட்டன்ஷியோமீட்டர்கள் உள்ளன. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் பொருளேதான். ஒன்று இடம் வலம் அசைவையும், மற்றொன்று மேல் கீழ் அசைவையும் அளக்கும். ஸ்டிக்கை விட்டவுடன், உள்ளே உள்ள ஸ்பிரிங் அதனை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மலிவு கேம்பேடில் பெரும்பாலும் குறை வருவது இங்குதான். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால், ஸ்டிக் சரியாக நடுவுக்கு வராது. பொட்டன்ஷியோமீட்டரின் கார்பன் தடம் தேய்ந்தால், ஸ்டிக் அசையாமலேயே எண் மாறிக்கொண்டிருக்கும். இதனை ட்ரிப்ட் என்பார்கள். விலை உயர்ந்த கேம்பேடுகளிலும் நாளடைவில் இது வரும். மலிவானவற்றில் சில நேரம் முதல் நாளே வந்துவிடுகிறது. காந்தத்தைக் கொண்டு அளக்கும் ஹால் எபெக்ட் ஸ்டிக்குகளில் இப்படி உரசித் தேயும் கார்பன் தடம் கிடையாது.

சோதனை விண்டோவைத் திறப்பது எப்படி?

கேம்பேடை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகவும். விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் சில விநாடிகளில் அது தானே அடையாளம் கண்டுகொள்ளும். பின்னர் விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஆர் கீயை அழுத்தவும். ரன் கட்டம் கிடைக்கும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். 'கேம் கண்ட்ரோலர்ஸ்' என்ற சிறிய விண்டோ திறக்கும். உங்கள் கேம்பேடின் பெயர் அதில் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்டீஸ்' பட்டனைக் கிளிக் செய்யவும். அடுத்து 'டெஸ்ட்' டேபைத் திறக்கவும்.

அங்கே ஒரு சதுரமும், அதற்குள் சிறிய கூட்டல் குறியும் தெரியும். அது இடது ஸ்டிக்கின் நிலை. பக்கத்தில் உள்ள பட்டைகள் மற்ற அசைவுகளைக் காட்டும். கீழே எண்கள் இட்ட வட்டங்கள் இருக்கும். பட்டனை அழுத்தினால் அதற்குரிய வட்டம் ஒளிரும். இப்போது சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்வோம்.

சோதனை 1: நடுப்புள்ளி

கேம்பேடை மேசை மீது வைத்துவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். கூட்டல் குறி சதுரத்தின் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து, ஸ்டிக்கை இடது பக்கம் முழுவதும் தள்ளிச் சட்டென்று விடுங்கள். குறி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். இதே போல வலது, மேல், கீழ் என நான்கு பக்கமும் செய்யுங்கள்.

நான்கு முறையும் குறி ஒரே இடத்தில் நின்றால், அந்த இடம் நடுவிலிருந்து சற்று விலகி இருந்தாலும் பரவாயில்லை. அதனைச் சரி செய்ய முடியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், அது ஸ்பிரிங் அல்லது ஸ்டிக்கின் குறை. சாப்ட்வேரால் அதனைக் குணப்படுத்த முடியாது. என் கேம்பேடில் வலதுபுறம் தள்ளி விட்டால் குறி நடுவுக்கு வந்தது. இடதுபுறம் தள்ளி விட்டால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பையன் ஒரு முறை இடப்பக்கம் திருப்பினால் போதும். கார் அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

சோதனை 2: உண்மையிலேயே அனலாக்தானா?

ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு பக்கம் தள்ளுங்கள். குறியும் அதே போல மெதுவாக நகர வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே தாவாகத் தாவினால், வெளியே ஸ்டிக் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச்தான். கார் ஓட்டும் விளையாட்டில் லேசாகத் திருப்புவது என்பதே அதில் முடியாது. சிலவற்றில் பாதி தூரம் தள்ளும்போதே குறி ஓரத்தைத் தொட்டுவிடும். மீதிப் பாதி தூரம் வீண். கட்டுப்பாடும் அந்த அளவுக்குக் குறையும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல மலிவு கேம்பேடுகளின் நடுவில் 'அனலாக்' அல்லது 'மோட்' என்று ஒரு பட்டனும், சிறிய எல்.இ.டி. விளக்கும் இருக்கும். விளக்கு அணைந்திருந்தால் ஸ்டிக் வெறும் திசைப் பட்டன் போல வேலை செய்யலாம். எனவே அந்தப் பட்டனை அழுத்தி, விளக்கு எரியும்போதும் ஒரு முறை சோதித்துவிட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

சோதனை 3: பட்டன்களும் திசைப் பட்டனும்

ஒவ்வொரு பட்டனையும் பத்து முறை அழுத்துங்கள். நடுவில் மட்டும் அல்லாமல் ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள். பத்து முறையும் வட்டம் ஒளிர வேண்டும். விரலை எடுத்தவுடன் அணைய வேண்டும். பிறகு நான்கு பட்டன்களைச் சேர்த்து அழுத்துங்கள். நான்கும் ஒளிர வேண்டும்.

இடது பக்கம் உள்ள திசைப் பட்டனை மேல் நோக்கி அழுத்தியபடி கட்டை விரலை லேசாக ஆட்டுங்கள். மேல் என்று மட்டும் காட்ட வேண்டும். அடிக்கடி மூலைக்குத் தாவினால், சண்டை விளையாட்டுகளில் நீங்கள் நினைத்தது ஒன்றாகவும், உங்கள் வீரர் செய்வது வேறொன்றாகவும் இருக்கும்.

சோதனை 4: வயர்

டெஸ்ட் விண்டோ திறந்திருக்கும்போதே, கேம்பேடுக்குள் வயர் நுழையும் இடத்தைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். யு.எஸ்.பி. துண்டிக்கப்படும்போது வரும் ஒலி கேட்டாலோ, குறி துடித்தாலோ, வயர் இணைப்பு சரியில்லை. விளையாடும்போது அதிகம் இழுபடும் இடம் அதுதான்.

சோதனை 5: வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர்

நான் செய்யத் தவறிய முக்கியமான சோதனை இது. குறை தெரிந்தால், முதலில் வேறு யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிப் பாருங்கள். பிறகு நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கும் அதே குறை இருந்தால், குற்றவாளி கேம்பேட்தான். விண்டோஸைப் புதிதாகப் பதிய யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

கேம்பேட் நன்று, ஆனால் விளையாட்டில் வேலை செய்யவில்லையா?

எல்லாச் சோதனைகளிலும் தேறிய கேம்பேட், சில புதிய விளையாட்டுகளில் உயிரில்லாமல் கிடக்கும். இது தரக் குறைவு அல்ல. விண்டோஸில் கேம்பேட் பேசுவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. பழையது டைரக்ட் இன்புட். 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்தியது எக்ஸ் இன்புட். அதற்குப் பின் வந்த பல விளையாட்டுகள் எக்ஸ் இன்புட்டை மட்டுமே எதிர்பார்க்கின்றன. மிக மலிவான கேம்பேடுகள் பலவற்றில் டைரக்ட் இன்புட் மட்டும்தான் இருக்கும். ஆகவே வாங்கும்போது, பெட்டியின் மேல் எக்ஸ் இன்புட் என்று எழுதியுள்ளதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஸ்டீம் மூலம் விளையாடும் விளையாட்டுகளுக்கு அதன் கண்ட்ரோலர் செட்டிங்ஸ் பகுதியில் வழி உண்டு. கேம்பேட் பட்டன்களைக் கீபோர்டு கீகளாக மாற்றித் தரும் ஜாய்டுகீ போன்ற புரோகிராம்களும் உள்ளன.

எக்ஸ் இன்புட் கேம்பேடைச் சோதிக்கும்போது, முன்பக்கம் உள்ள இரண்டு ட்ரிகர்களும் ஒரே பட்டையில் எதிரெதிர் திசையில் நகர்வதைக் காண்பீர்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பட்டை நடுவுக்கு வந்துவிடும். இந்தப் பழைய சோதனை விண்டோ காட்டும் விதம் அது. பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிறிய விலகலைச் சரி செய்வது

நடுப்புள்ளி எப்போதும் ஒரே அளவு விலகி நின்றால், ப்ராப்பர்டீஸ் விண்டோவில் 'செட்டிங்ஸ்' டேபுக்குச் சென்று 'கேலிப்ரேட்' கிளிக் செய்யவும். திரையில் சொல்வதை வரிசையாகச் செய்தால் சரியாகிவிடும். இது டைரக்ட் இன்புட் விளையாட்டுகளுக்கு மட்டுமே பயன்படும். எக்ஸ் இன்புட் விளையாட்டுகள் இந்த அளவீட்டை எடுத்துக்கொள்வதில்லை.

அவற்றுக்கு விளையாட்டின் செட்டிங்ஸில் உள்ள 'டெட் ஸோன்' உதவும். நடுப்புள்ளியைச் சுற்றி, அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி இது. எக்ஸ் இன்புட்டில் ஸ்டிக்கின் எண் ஒரு பக்கம் 32767 வரை செல்லும். இடது ஸ்டிக்குக்கு 7849 வரை டெட் ஸோனாக விட மைக்ரோசாப்ட் அளவு கொடுத்துள்ளது. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நல்ல கேம்பேடுக்கே இவ்வளவு சலுகை என்றால், நடுவில் மயிரிழை விலகல் தெரிவதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் டெட் ஸோனைக் கூட்டக் கூட, மெல்லிய அசைவுகளும் காணாமல் போகும்.

யாருக்கு மலிவு போதும்?

ஓடித் தாவும் பழைய விளையாட்டுகளுக்குத் திசைப் பட்டனும் நான்கு பட்டன்களும் ஒழுங்காக இருந்தால் போதும். அவற்றுக்கு 400 ரூபாய் கேம்பேட் தாராளம். கார் ரேஸுக்கும் கால்பந்துக்கும் ஸ்டிக் நன்றாக இருக்க வேண்டும். குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகளுக்கு மவுஸும் கீபோர்டுமே மேல். அதற்காக மலிவு கேம்பேட் வாங்குவது பண விரயம்.

மலிவுப் பொருளில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே மாடலிலும் ஒன்று போல் மற்றொன்று இருக்காது. இரண்டாவது முறை கடைக்குச் சென்றபோது, அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே செருகிப் பார்க்க அனுமதி கேட்டேன். ஒரே விலை, ஒரே பெட்டி. முதல் கேம்பேடில் வலது ஸ்டிக் நடுவுக்கு வரவில்லை. அடுத்ததில் ஒரு பட்டன் பத்துக்கு ஆறு முறைதான் ஒளிர்ந்தது. மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. கடையில் பார்க்க முடியாவிட்டால், அல்லது ஆன்லைனில் வாங்கினால், பிரித்த அன்றே சோதித்துவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் மாற்றித் தரும் நாள் முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகனிடம் பழைய கேம்பேடைச் செருகி, டெஸ்ட் விண்டோவில் குறி இடது பக்கம் நிற்பதைக் காட்டி, "நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மாமா" என்றான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு குறை சொன்னால், அவனைத் திட்டும் முன் இந்த விண்டோவைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.