நெடுவாசல் எந்தப் பிரிவில் வருகிறது?

ஆலங்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் ஆண்டறிக்கையில் உள்ள பிரிவுவாரி அட்டவணையில் நம் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலைத் தேடிப் பார்த்ததாகவும், ஒரு தடயமும் இல்லை என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த அட்டவணை ஊர்க்காரர்களுக்காகப் போடப்படுவதில்லை என்பதுதான் பதில். அது யாருக்காக, எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கைக் கையில் எடுக்காதே.

2016 ஏப்ரலில் இருந்து நம் பெரிய நிறுவனங்களுக்கு இந்தியக் கணக்கியல் தரம் 108 பொருந்துகிறது. முதலீட்டை எங்கே போடுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க நிர்வாகத் தலைமை தொழிலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறதோ, அதே பிரிவுகளைத்தான் வெளியாருக்கும் காட்ட வேண்டும். வருவாய், லாபம், சொத்து இவற்றில் ஏதாவது ஒன்றில் மொத்தத்தின் 10 சதவீதத்தைத் தொட்டாலே அந்தப் பிரிவைத் தனியாகக் காட்டியாக வேண்டும். துணை நிறுவனங்களைச் சேர்க்காத ஓஎன்ஜிசியின் தனிக் கணக்கில் இரண்டே பிரிவுகள்: கடல், நிலம். மும்பை ஹை கடலில் வரும். குஜராத், அசாம், திரிபுரா, காரைக்காலில் இருந்து நிர்வகிக்கப்படும் காவிரிப் படுகையின் தரைக்கிணறுகள் எல்லாம் நிலம் என்ற ஒரே வரிசையில் போய்விடும். நெடுவாசல் பக்கத்து நல்லாண்டார்கொல்லையிலும் வாணக்கன்காட்டிலும் அவர்கள் துளை போட்ட செலவு அதில் எங்கே தெரியப்போகிறது?

நெடுவாசல் கதை இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நம் சனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, அந்த எண்ணெய் வயலை எடுத்திருந்தது கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ். ஓஎன்ஜிசி கண்டறிந்த சிறு வயல்களை மத்திய அரசு ஏலம் விட்ட திட்டத்தில் அவர்களுக்குப் போனது. ஆகவே அங்கே எண்ணெய் எடுத்திருந்தாலும் நீ புரட்டிய புத்தகத்தில் அது வந்திருக்காது. எந்த நிறுவனத்தின் கணக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள். பிரிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி லாபத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டை எடுத்து ஒருமுறை நீயே போட்டுப் பார். உக்ரைன் போரால் கச்சா விலை ஏறிக் கிடந்தது. பெட்ரோல், டீசல் பங்க் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. கச்சா எடுக்கும் ஓஎன்ஜிசி தனிக் கணக்கில் 15,206 கோடி ரூபாய் லாபம் காட்டியது. அதே மூன்று மாதத்தில் கச்சாவைச் சுத்திகரித்து விற்கும் எச்பிசிஎல் ஏறத்தாழ 10,197 கோடி ரூபாய் நட்டம். இதில் கவனிக்க வேண்டியது, எச்பிசிஎல்லின் 51.11 சதவீதப் பங்கை 2018 ஜனவரியில் 36,915 கோடி கொடுத்து அரசிடமிருந்து வாங்கியதே ஓஎன்ஜிசிதான். துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கின் கடைசி வரியில் இந்த லாபமும் அந்த நட்டமும் கலந்துவிடுகின்றன. ஆய்வு-உற்பத்தி ஒரு பிரிவு, சுத்திகரிப்பு-விற்பனை இன்னொரு பிரிவு என்று அட்டவணை பிரித்துக் காட்டினால்தான் விலையேற்றத்தில் யாருக்கு வந்தது, யாருக்குப் போனது என்று புரியும். அந்த ஜூலை 1 அன்று உள்நாட்டுக் கச்சாவுக்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரியை மத்திய அரசு போட்டதன் காரணமும் புரியும்.

அந்த அட்டவணையின் அடிப்பகுதியை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதே. பிரிவுகள் தங்களுக்குள் விற்றுக்கொண்டதைக் கழிக்கும் வரி அங்கே இருக்கும். தன் கிணற்றுக் கச்சாவைத் தன் சுத்திகரிப்பு ஆலைக்கே விற்கும் குழுமத்தில், அந்த விலையை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பிரிவின் லாபம் இன்னொன்றுக்கு நகரும். எந்தப் பிரிவிலும் சேர்க்காத வட்டியும் பொதுச் செலவும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். அது வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனால் ஏன் என்று கேள்.

பிரிவுகள் நிலையானவை என்றும் நம்பிவிடாதே. ரிலையன்ஸ் 2020 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் சுத்திகரிப்பையும் பெட்ரோகெமிக்கலையும் ஒரே பிரிவாக இணைத்தது. ஒரு பீப்பாயைச் சுத்திகரிப்பதில் நிற்கும் லாபத்தைத் தனியாகச் சொல்வதும் அத்தோடு நின்றுபோனது. விதிப்படி சரிதான். இருந்தாலும் படிப்பவனுக்கு நட்டம் என்பதே என் தீர்ப்பு. பிரிவு மாறிய ஆண்டில் பழைய எண்களைப் புதிய முறையில் திருத்திப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் ஒப்பிடாதே.

நம் மாவட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வேறு காகிதங்களைத் தேடிப் போக வேண்டும். தரைக்கிணற்றின் ராயல்டி மாநிலத்துக்கு, கடல் கிணற்றின் ராயல்டி மத்திய அரசுக்கு. ஆகவே மாநில வரவு கணக்கைப் பார். புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் உண்டு. அதன் பிறகும் 2021-இல் இங்குள்ள வடதெரு எண்ணெய் வயலை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. அதை எதிர்த்து முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. நிலத்தை இழப்பவனின் செலவுக்கு எந்த அட்டவணையிலும் வரிசை கிடையாது. கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த காலாண்டு முடிவு வந்ததும் மொத்த லாபத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பிரிவு அட்டவணையில் இருந்து தொடங்கு. ஒவ்வொரு பிரிவின் லாபத்தையும் அதன் சொத்தால் வகுத்து, ஐந்து ஆண்டுக் கணக்காக எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா