தோலில் ஓடும் கோடு

புக்கிட் பெலண்டோக் தோட்டப்புறத்தில் பணியேற்கும் இளம் மருத்துவருக்கு,

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நூல்புழு தோல்நோயாகவும் குடல்நோயாகவும் வெளிப்படுவது. ஈரமண்ணில் கிடக்கும் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. 1876இல், கொச்சின்சீனாவிலிருந்து பேதியோடு திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் லூயி நோர்மான் இதை முதலில் கண்டார்.

முட்டைகள் குடலிலேயே பொரிகின்றன. சில இளம்புழுக்கள் வெளியேறாமல் குடற்சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து, அதே உடலில் மறுசுற்றைத் தொடங்குகின்றன. அதனால் தொற்று ஆயுள்முழுதும் நீடிக்கலாம். 1942–43இல் சயாம் மரண ரயில்பாதையில் வதைபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பின்னாளில் சோதித்தது. பல பத்தாண்டுகள் கழிந்தும் புழு உயிரோடு இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள். கைதிகளுக்குக் கிடைத்த நெடுங்காலக் கவனிப்பு, பிழைத்து லயத்துக்குத் திரும்பியவர்களுக்கு வாய்க்கவில்லை. தோட்டத்து முதியவர் ஒருவர் அரிப்பு என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்பது அவர்களுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு.

அடையாளம், பிட்டத்திலோ தொடையிலோ இடுப்பிலோ தோன்றும் சிவந்த, அரிக்கும் கோடு. மணிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை ஓடிச் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். நாய், பூனைக் கொக்கிப்புழுவின் கோடோ நாள்கணக்கில் மெல்ல ஊரும். நோயாளி கிளினிக்குக்கு வரும்போது தோலில் ஒன்றும் இராது. “கோடாட்டம் ஓடுச்சாங்க பாட்டி?” என்று கேட்டால்தான் தெரியும்.

குடலில் மேல்வயிற்று எரிச்சல், விட்டுவிட்டு வரும் பேதி, மெலிவு. அரிதாகச் சத்து உறிஞ்சப்படாமல் போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுநாள் ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ போலவே தோன்றும். ஒரு மலப்பரிசோதனையில் புழு இல்லை என்று வந்தால் அது முடிவாகாது. வெவ்வேறு நாட்களில் மலம் பார்க்க வேண்டும். வசதியிருந்தால் அகார் தட்டு வளர்ப்பும் இரத்த எதிர்ப்பொருள் சோதனையும் செய்யலாம்.

முதலில் வைத்த பெயரோடு நின்றுவிடுவதன் விலை புக்கிட் பெலண்டோக்குக்குத் தெரியும். 1998–99இல் பன்றிப்பண்ணைகளில் பரவிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே வழி தெரிந்தது. மலேசியாவில் அதற்குள் இறந்தவர்கள் பலர்.

இந்தப் புழுவில் ஆபத்து ஸ்டீராய்டோடு வருகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ பிரெட்னிசலோன் தொடங்கினால் புழுக்கள் கட்டுமீறிப் பெருகி, குடற்கிருமிகளை இரத்தத்துக்கும் மூளையுறைக்கும் கொண்டுசெல்லும். அந்நிலையில் ஈசினோஃபில் அணுக்கள் கூடாமலும் இருக்கலாம். பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. ஆகவே ஸ்டீராய்டு எழுதுமுன் தோட்ட வாழ்வு பற்றிக் கேட்பதும், ஐயமிருந்தால் சோதிப்பதும் கட்டாயம். மருந்து ஐவர்மெக்டின், உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அல்பெண்டசோலின் பலன் இதைவிடக் குறைவு. தோலுக்கு ஒரு நோயாளி அட்டை, வயிற்றுக்கு வேறோர் அட்டை என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுவது நல்லது. செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலைசெய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் இதே கேள்விகளும் இதே சோதனையும் தேவை.